பாலாற்றங்கரைக் கிணறுகள்: இறுதியாண்டுப் புகைப்படத் திட்டத்திற்கும் கண்காட்சிக்கும் ஆலோசனை வேண்டும்

நீர்க்கால் | பிப்ரவரி 9

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூரில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இறுதியாண்டுத் திட்டத்தின் முன்மொழிவை மார்ச் மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். செப்டம்பரில் கல்லூரி அரங்கில் கண்காட்சி. இரண்டு ஆண்டுகளில் எடுத்த படங்கள் ஏறக்குறைய நான்காயிரம் என்னிடம் உள்ளன. கோட்டை அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்கள், பாலாற்றுப் பாலத்தின் மேல் மாலை வெயில், காட்பாடி ரயில் நிலையத்தில் உறங்குகிறவர்கள் என்று வேலூரில் கேமரா பிடித்த எல்லோரும் எடுப்பதையே நானும் எடுத்திருக்கிறேன். தனித்தனியே பார்த்தால் சில படங்கள் பிடிக்கின்றன. சேர்த்து வைத்துப் பார்த்தால், இவற்றை எடுத்தவள் எதைத் தேடினாள் என்று எனக்கே விளங்கவில்லை.

என் மனத்தில் உள்ளவை மூன்று. முதலாவது, பாலாறு. இரண்டாவது, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிக் காந்தி ரோட்டுப் பக்கம் விடுதிகளிலும் உணவகங்களிலும் காணப்படும் வங்காள எழுத்துப் பலகைகள். மூன்றாவது, வைகாசி முதல் நாளில் குடியாத்தத்தில் நடக்கும் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஆசிரியர் மூன்றையும் கேட்டுவிட்டு, "எல்லாமே பெரிய தலைப்பு" என்று மட்டும் சொன்னார். எப்படிச் சிறிதாக்குவது என்று தெரியவில்லை. எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில் ஆற்றோரம் இருக்கிறது. அங்கே தாத்தாவின் கிணற்றில் தண்ணீர் இருந்தும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே யாரும் அதைக் குடிப்பதில்லை. பாலாற்றை எடுத்துக்கொண்டால் அங்கிருந்து தொடங்கலாமா என்று தோன்றுகிறது.

குடியாத்தம் படக்காரர் | பிப்ரவரி 9

தங்கைக்கு வணக்கம். சிரசுத் திருவிழாவை நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எடுத்து வருகிறேன். அன்றைக்குத் தெருவில் மனிதரைவிடக் கைப்பேசிகள் அதிகமாக உயர்ந்திருக்கும். ஒரே நாளில் முடிந்துவிடுவதால், தவறவிட்டதைத் திருத்த ஓராண்டு காத்திருக்க வேண்டும். உங்கள் முதல் பெரிய திட்டத்திற்கு அது ஏற்றதன்று என்பது என் கருத்து.

நான்காயிரம் படங்களைத் திரையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். அவற்றில் நூற்றைம்பதைப் பொறுக்கி, 4க்கு 6 அங்குல அளவில் சாதாரணப் பிரிண்ட் போட்டு, வீட்டுத் தரையில் பரப்பி வையுங்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். நடக்கும்போதும் வரும்போதும் பாருங்கள். எந்தப் படத்தின் அருகில் கால் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

வாலாஜா ஓவிய ஆசிரியர் | பிப்ரவரி 10

அம்மா, உங்கள் பதிவில் மூன்று யோசனைகளுக்கும் நீங்கள் ஒரு வாக்கியம்தான் கொடுத்திருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் சொன்ன தாத்தா கிணற்றுக்கும் ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்த ஒன்றில் மட்டும் "தண்ணீர் இருந்தும் குடிப்பதில்லை" என்று ஒரு முரண் இருக்கிறது. திட்டம் அங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முப்பத்தோராண்டு பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மாணவர்கள் யோசனை என்றால் தலைப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். பாலாறு என்பது தலைப்பு. அது கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, நம் மாவட்டங்களைக் கடந்து வயலூருக்கு அருகில் கடலில் சேருகிற ஆறு. அதன் நீளத்திற்கு ஒரு மாணவியின் ஓராண்டு போதாது. "என் ஊரில் எந்தக் கிணறு எப்போது கைவிடப்பட்டது, இன்று அதற்குள் என்ன தெரிகிறது" என்பது கேள்வி. கேள்வி இருந்தால் அடுத்த வாரம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். எத்தனை கிணறுகள், யாருடையவை, எதில் மோட்டார் ஓடுகிறது, எதில் குப்பை கொட்டுகிறார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினாலே முன்மொழிவின் பாதி முடிந்துவிடும். மேலும், நடந்து போகும் தூரத்தில் இருப்பதை எடுப்பவருக்குத் திரும்பிப் போகும் வசதி இருக்கிறது. நல்ல திட்டங்களில் பெரும்பான்மையானவை அந்த வசதியிலிருந்து உருவானவை என்றே நான் நம்புகிறேன்.

இருட்டறை | பிப்ரவரி 10

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். நான் வேலூர்க்காரன், இப்போது சென்னையில் புகைப்படம் எடுத்துப் பிழைக்கிறேன். மாணவிக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உதவலாம். ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்ற தம்பதியர் 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஒரே கோணத்தில், மேகமூட்டமான ஒரே வகை வெளிச்சத்தில் எடுத்து, வரிசை வரிசையாகக் கட்டம் போட்டு மாட்டினார்கள். ஒன்றுபோல் தெரிபவற்றை அருகருகே வைத்தால், வேறுபாடு தானாகக் கண்ணில் படும். கிணறுகளுக்கு இந்த முறை பொருந்தும். இன்னொருவர் வாடிப்பட்டியைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஜெய்சிங் நாகேஸ்வரன். தன் சொந்த வீட்டையும் குடும்பத்தையும் ஊரையும் எடுத்தே அவர் கவனம் பெற்றார். ஊரை விட்டு வெகுதூரம் போனால்தான் திட்டம் கிடைக்கும் என்பதில்லை.

பின்னணிக்கு 1996 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் படியுங்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. தோல் பதனிடும் தொழில் பரவிய நம் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனது என்ற ஆய்வு அதில் மேற்கோளாக வருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கெனப் பசுமை அமர்வு ஒன்றை அமைக்குமாறு சொன்னதும் அந்தத் தீர்ப்புதான்.

பேரணாம்பட்டு வாசகி | பிப்ரவரி 11

எனக்குக் கட்டம் போட்டு மாட்டும் முறையில் ஒரு தயக்கம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி ஆளில்லாத பொருள். கிணறு அப்படியன்று. ஒவ்வொரு கிணற்றுக்கும் வெட்டியவர் உண்டு, கடன் வாங்கியவர் உண்டு, அதில் குடம் இறக்கிய பெண்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் எடுத்தால், பார்க்கிறவர் கண்ணுக்கு அவை அழகான வட்டங்களாகவும் சதுரங்களாகவும் நின்றுவிடும். எங்கள் வீட்டுக் கிணற்றை யாராவது அப்படி எடுத்து மாட்டினால், என் அம்மா அதன் முன் நின்று என்ன நினைப்பார் என்று யோசிக்கிறேன். தன் தாத்தா அந்தப் படத்தைப் பார்த்து என்ன சொல்வார் என்பதைத் தங்கை முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நீர்க்கால் | பிப்ரவரி 23

எல்லோருக்கும் நன்றி. படக்கார அண்ணா சொன்னபடி பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பினேன். நூற்றைம்பதில் பதினோரு படங்களில் நீர் எங்கோ ஓரத்தில் இருந்தது. குடம், தொட்டி, தேங்கிய குட்டை. எடுக்கும்போது அது எனக்குத் தெரியவில்லை. ஆகவே கிணறுகள் என்று முடிவு செய்துவிட்டேன். தாத்தாவுடன் நடந்து கணக்கெடுத்ததில் எங்கள் ஊர் எல்லைக்குள் திறந்த கிணறுகள் இருபத்து மூன்று இருக்கின்றன. நான்கில், மாடு பூட்டி நீர் இறைத்த பழைய கவலை ஏற்றத்தின் கல் தூண்கள் இன்னும் நிற்கின்றன.

ஆனால் படம் வரவில்லை. காலையிலும் மாலையிலும் கிணற்றுக்குள் இருட்டாக இருக்கிறது. வெளிச்சம் ஒரு பக்கச் சுவரில் மேலே மட்டும் விழுகிறது. அந்தச் சுவருக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் நீர் கறுத்துவிடுகிறது, நீருக்கு வைத்தால் சுவர் வெளுத்துவிடுகிறது. நீரில் வானமும் என் தலையும் தெரிகின்றன. நண்பரிடம் போலரைசர் (நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) வாங்கிப் போட்டும் பயனில்லை.

காட்பாடி இயற்பியல் | பிப்ரவரி 24

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன். புகைப்படம் அறியேன், வெயில் அறிவேன். போலரைசர் நீர்ப்பரப்பில் நன்றாக வேலை செய்வது, செங்குத்திலிருந்து ஏறக்குறைய 53 பாகை சாய்வில் பார்க்கும்போது. நேர் கீழே பார்க்கும்போது அதற்கு வேலையே இல்லை. ஆகவே தவறு உங்களுடையதன்று.

இனி வெயில். நாம் இருப்பது ஏறத்தாழ 12.9 பாகை வட அட்சத்தில். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் நாட்கள் ஆண்டில் இரண்டு: ஒன்று ஏப்ரல் 24, 25 அளவில், மற்றொன்று ஆகஸ்ட் 18 அளவில். மாணவர்களுக்கு நிழலில்லா நாள் என்று செய்து காட்டுவோம். அன்று நம் ஊரில் உச்சிப்பொழுது 12 மணிக்கன்று. இந்திய நேரத்தின் தீர்க்கரேகைக்கு மேற்கே நாம் இருப்பதால் ஏப்ரலில் 12 மணி 12 நிமிட அளவில் வரும். அந்த நேரத்தில் கிணற்றின் அடிவரை ஒளி நேராக இறங்கும். நான்கு சுவரிலும் நிழல் இராது. நீர்மட்டம் நாற்பதடி ஆழத்தில் இருப்பதாகக் கொண்டால், சூரியன் உச்சியிலிருந்து 3 பாகை விலகும்போது சுவரின் நிழல் நீரில் இரண்டடிதான் விழும். சூரியன் 4 நிமிடத்திற்கு ஒரு பாகை நகர்கிறது. எனவே உச்சிக்கு முன் 12 நிமிடமும் பின் 12 நிமிடமும் உங்களுக்கு உரியவை. நாள் கணக்கில், ஏப்ரல் 24க்கு முன்னும் பின்னும் எட்டு நாள் வரை இந்த அளவு விலகலுக்குள் இருக்கலாம். அதாவது ஏறக்குறைய பதினேழு நாள்; நடு நாட்களில் இருபத்து நான்கு நிமிடம், ஓர நாட்களில் அதைவிடக் குறைவு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீரின் நிறத்தைக் கொண்டு அது கெட்டதா நல்லதா என்று படம் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பச்சையாக இருப்பது பாசியாக இருக்கலாம். பளிங்குபோல் இருப்பது கடும் உப்பாக இருக்கலாம். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். கருவி பேனா அளவில் கிடைக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கிறது. படத்தோடு அந்த எண்ணையும் அளந்த தேதியையும் எழுதுங்கள். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் இருக்கிறதா என்பதை அந்தக் கருவி சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். சொல்லாததைச் சொன்னதாகத் தலைப்பு எழுதாதீர்கள்.

குடியாத்தம் படக்காரர் | பிப்ரவரி 24

உச்சி வெயிலில் கேமராவை உறையிலிருந்து எடுக்காதே என்றுதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். இந்த வேலைக்கு உச்சி வெயில்தான் விளக்கு என்று அறிந்ததில் மகிழ்ச்சி.

நீரின் நிறம் இங்கே முக்கியம் என்பதால், நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். பகல் வெளிச்சம் என்று நிலையாக வைத்துவிடுங்கள். எக்ஸ்போஷரையும் எல்லாக் கிணற்றுக்கும் ஒன்றாகவே வையுங்கள். அந்த வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, நொடியில் 400இல் ஒரு பங்கு சரியாக வரும். கேமரா தானாகத் திருத்தாத ரா கோப்பாக எடுங்கள். அப்போதுதான் ஒரு கிணறு இன்னொன்றைவிட இருண்டிருந்தால், அது கிணற்றின் இருட்டு, கேமராவின் கணக்கன்று என்று துணிந்து சொல்ல முடியும்.

இது எல்லாவற்றுக்கும் முதலானது: தனியாகப் போகாதீர்கள். கைவிட்ட கிணறுகளில் கைப்பிடிச் சுவர் சரிந்திருக்கும். புல் மூடிய விளிம்பு காலடியில் உதிரும். எந்தக் காரணத்திற்காகவும் உள்ளே இறங்க வேண்டாம். கேமராவை மூங்கில் கழியின் நுனியில் கட்டி, கழியின் நடுவைச் சுவரில் தாங்கக் கொடுத்து, பின்முனையை இரண்டு பேர் அழுத்திப் பிடிக்கட்டும். கேமராவின் வாரைத் தனிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். கைப்பேசியிலிருந்தே ஷட்டரை இயக்கலாம். உங்கள் தலை நீரில் தெரியும் சிக்கலும் அதனால் தீரும்.

நீர்க்கால் | மே 8

முன்மொழிவு ஏற்கப்பட்டுவிட்டது. ஏப்ரல் 17 முதல் மே 3 வரை பத்தொன்பது கிணறுகளை எடுத்து முடித்தேன். இரண்டு நாள் மேகம் கெடுத்தது. என் தம்பியும் அவன் நண்பனும் மூங்கிலைப் பிடித்தார்கள். அக்னி நட்சத்திரத்திற்கு முந்தைய அந்த வெயிலில் பன்னிரண்டு மணிக்கு வரப்பில் நிற்பது எளிதாக இல்லை. ஆனால் 12 மணி 5 நிமிடத்திற்குச் சுவரின் நிழல் மெல்லச் சுருங்கி, ஒரு கணத்தில் அடிக்கல் வரை வெளிச்சம் இறங்குவதை முதன்முறை பார்த்தபோது கழியைப் பிடித்திருந்த தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டான். எந்தக் கிணற்றிலும் நான் அதுவரை படிகளை முழுமையாகப் பார்த்ததில்லை. தாத்தாவின் கிணற்றில் நீருக்குள்ளேயும் படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன.

இயற்பியல் ஐயாவுக்கு: நீங்கள் சொன்னது சரியாக நடந்தது. எல்லாவற்றிலும் தெளிந்த, அடிமணல் வரை தெரிகிற கிணற்றில்தான் கருவி மிக உயர்ந்த எண்ணைக் காட்டியது. அதைப் பார்க்கும் முன் அந்தக் கிணற்றுக்கு "நல்ல தண்ணீர்" என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

பேரணாம்பட்டு அக்காவுக்கு: தாத்தாவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "கிணத்துல இவ்வளவு கல்லு நான்தான் வச்சேனா" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என் ஆசிரியர்களில் ஒருவர் கருப்பு வெள்ளையாக மாற்றினால் காட்சிக்கு இன்னும் கனமாக இருக்கும் என்கிறார். உங்கள் கருத்து வேண்டும்.

இருட்டறை | மே 8

கருப்பு வெள்ளை எனக்கு மிகவும் பிடித்தது. சுவரின் கற்கள் அதில் சிற்பம்போல் வரும். ஆனாலும் இங்கே வேண்டாம். ஒரே வெயில், ஒரே அமைப்பு என்று இத்தனை பாடுபட்டு நீரின் நிறத்தைக் காப்பாற்றியபின் அதைத் துடைத்துவிடுவது, சாட்சியைக் கூட்டி வந்து வாயைக் கட்டுவதாகும்.

குடியாத்தம் படக்காரர் | மே 9

வண்ணம்தான். லேப்பில் கொடுக்கும்போது "கலர் கரெக்‌ஷன் செய்ய வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். கல்யாண ஆல்பத்திற்குப் பழகிய லேப் என்றால், சொல்லாவிட்டால் எல்லா நீரையும் அவர்களே நீலமாக்கிவிடுவார்கள். ஆல்பத் தாள் 12க்கு 36 அங்குலம் என்பதால் 12க்கு 18 அளவு அவர்களுக்குக் கைவந்த அளவு, செலவும் குறையும். உங்கள் 24 மெகாபிக்சல் கேமராவின் 6,000க்கு 4,000 புள்ளிகள் அந்த அளவுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் தாராளமாகப் போதும். மேட் தாள் கேளுங்கள்.

வாலாஜா ஓவிய ஆசிரியர் | மே 12

அம்மா, ஒரு வேண்டுகோள். செப்டம்பர் வரை காத்திருக்காதீர்கள். கல்லூரி அரங்கத்தில் மாட்டுவதற்கு முன்பு ஊரில் மாட்டுங்கள். சட்டம் போட வேண்டாம், அறிவிப்பு வேண்டாம். பிரிண்டுகளோடு போய்க் கிணற்றுக்குரியவர்கள் முன் வையுங்கள். அதை ஒத்திகை என்று எண்ண வேண்டாம். முதல் கண்காட்சி அதுதான். புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் தன் படங்களைச் சிறு மடிப்புப் புத்தகங்களாகச் செய்து, விரித்து நிறுத்தினால் அதுவே கண்காட்சி ஆகும்படி அமைத்திருக்கிறார். கண்காட்சிக்கு நான்கு சுவர் கட்டாயமில்லை என்பதற்கு அது போதும்.

நீர்க்கால் | ஜூலை 15

ஊர்க் கண்காட்சி சென்ற ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. நடந்ததை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் திட்டமே அன்றைக்கு மாறிவிட்டது.

படங்களின் நடுக்கோடு தரையிலிருந்து 57 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். அதன்படி நெற்களத்தின் ஓரம் இரண்டு வேப்ப மரங்களுக்கிடையே நைலான் கயிறு கட்டி, பத்தொன்பது பிரிண்டுகளையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். ஆடி நெருங்கும் காற்று அரை மணி நேரம்கூட விடவில்லை. படங்கள் புரண்டு, இரண்டு அறுந்து விழுந்தன. தம்பி எல்லாவற்றையும் கழற்றிக் களத்துத் தரையில் பரப்பி, மூலைகளில் கூழாங்கல் வைத்தான்.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் பார்க்கத் தொடங்கினார்கள். கயிற்றில் தொங்கியபோது தள்ளி நின்றவர்கள், தரையில் கிடந்தபோது சுற்றி வந்து குனிந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலவே பார்த்தார்கள். சில பெண்கள் குந்தி உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் ஒரு படத்தைக் கையால் எடுத்து வேறொன்றின் பக்கத்தில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். "இது ரெண்டும் ஒரே வருஷம் கெட்டுது" என்றார். பிறகு ஒவ்வொருவராக நகர்த்தத் தொடங்கினார்கள். யாரும் ஆண்டைச் சொல்லவில்லை. மூத்த மகளுக்குக் காது குத்திய வருஷம், சின்னத் தாத்தா வீட்டுக் கல்யாணத்திற்கு இதிலிருந்து தண்ணீர் எடுத்தோம், அடுத்த கல்யாணத்திற்கு லாரித் தண்ணீர் வந்தது என்று வீட்டு விசேஷங்களைக் கொண்டே கணக்கிட்டார்கள். வாக்குவாதமும் நடந்தது. இரண்டு மணி நேரத்தில் களத்தில் ஒரு வரிசை உருவாகியிருந்தது: எந்தக் கிணறு முதலில் உப்பேறியது, எது கடைசி.

ஆற்றை ஒட்டிய கிணறுகள்தாம் முதலில் கெட்டிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த வரிசை அப்படி இல்லை. ஊருக்கு மேற்கே இருந்து வருகிற ஓடையின் போக்கில் முதல் ஏழு கிணறுகளும் இருந்தன. ஆற்றுக்கு மிக அருகில் உள்ள இரண்டு கிணறுகள் கடைசியில் நின்றன, அவற்றில் ஒன்றை இன்றும் மாட்டுக்கு இறைக்கிறார்கள். நோட்டில் வரைபடம் வரைந்து பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. 2021 நவம்பர் வெள்ளத்தில் எல்லாக் கிணறுகளும் நிரம்பியபோது சில மாதம் நீர் இனித்தது என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. மாலையில் ஓர் அம்மா வந்தார். படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு படத்தின் முன் நின்று அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பெண்ணை அந்தக் கிணற்றில் இழந்திருக்கிறார். நிலத்துக்குரியவரிடம் நான் அனுமதி வாங்கியிருந்தேன். அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் என் பாட்டியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படத்தை எங்கும் காட்ட மாட்டேன் என்று சொன்னேன். எங்களுக்கு மோர் கொடுத்தார்.

இப்போது பதினெட்டுப் படங்கள் இருக்கின்றன. செப்டம்பரில் அந்த இடத்தை என்ன செய்வது என்று கேட்கிறேன்.

இருட்டறை | ஜூலை 15

படித்து முடித்தபின் சிறிது நேரம் எழுத முடியவில்லை. என் கருத்து, வரிசையில் அந்த இடத்தை வெற்றுச் சட்டமாக விட்டுவிடுங்கள். படம் இல்லை, பெயர் இல்லை, தலைப்பு இல்லை. பார்வையாளர் அந்த வெறுமையில் நிற்கட்டும்.

பேரணாம்பட்டு வாசகி | ஜூலை 16

நான் இதை ஏற்கவில்லை. வெற்றுச் சட்டத்தைப் பார்த்து எல்லோரும் "இது ஏன் காலி?" என்றுதான் கேட்பார்கள். தங்கை பதில் சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டாலும் ஊரிலிருந்து வருகிற யாரோ ஒருவர் சொல்லிவிடுவார். அந்த அம்மா கவிழ்த்து வைத்தது, பார்க்க வேண்டாம் என்பதற்காக. காலி இடத்தை வைத்துப் பார்க்கச் செய்வது, அதையே நிமிர்த்தி வைப்பதற்கு ஒப்பாகும். இடைவெளியை மூடிவிடுங்கள். பதினெட்டு என்றே எண்ணட்டும்.

இருட்டறை | ஜூலை 16

அக்கா சொல்வதே சரி. நான் அரங்கை நினைத்தேன், அவர் அந்த வீட்டை நினைத்தார். என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

குடியாத்தம் படக்காரர் | ஜூலை 17

தரையில் கிடந்தபோதுதான் பார்த்தார்கள் என்றால், கல்லூரியிலும் படுக்க வைத்தே காட்டுங்கள். தரையில் வேண்டாம், மிதிபடும். முழங்கால் உயரத்தில், இரண்டடி மேசைகளாகப் போடுங்கள். அரங்கின் டியூப் லைட் நேர் மேலே இருந்தால் அதன் பிம்பம் படத்தில் விழும். முந்தின நாளே ஒரு மேசையைப் போட்டு விளக்குகளுக்கு இடையில் எங்கே சரியாக வருகிறது என்று பாருங்கள். கண்ணாடி வேண்டாம். மேட் பிரிண்டைச் சன்போர்டு என்ற கனமற்ற பலகையில் ஒட்டி, ஓரம் வெட்டி, தலைப்பு அட்டையைப் படத்தின் கீழே வைக்காமல் மேசை விளிம்பில் வையுங்கள். குனிந்து படத்தைப் பார்த்தபின், நிமிரும்போது எழுத்து கண்ணில் படட்டும்.

காட்பாடி இயற்பியல் | ஜூலை 18

ஆகஸ்ட் 18ஐ மறந்துவிடாதீர்கள். விடுபட்ட கிணறுகளுக்கு இரண்டாம் வாய்ப்பு அது. உச்சிப்பொழுது இம்முறை ஐந்து நிமிடம் தள்ளி, 12 மணி 17 நிமிட அளவில் வரும். மேகம்தான் உங்கள் எதிரி.

நீர்க்கால் | செப்டம்பர் 24

கல்லூரிக் கண்காட்சி மூன்று நாள் நடந்து நேற்று முடிந்தது. ஆகஸ்டில் ஒன்பது நாள் காத்திருந்து இரண்டு கிணறுகளை எடுத்தேன். மற்ற இரண்டுக்கும் மேகம் விலகவில்லை. ஆக, இருபது படங்கள்.

ஊரார் வைத்த வரிசையையே வைத்தேன். அரங்கின் ஒரு முனையில் முதலில் உப்பேறிய கிணறு, மறுமுனையில் இன்றும் இறைக்கிற கிணறு. ஒவ்வொரு அட்டையிலும் மூன்று மட்டும் எழுதினேன்: கிணற்றை ஊரில் என்ன பெயரால் அழைக்கிறார்கள், கடைசியாகக் குடித்தது எந்த விசேஷத்தின்போது, கருவி காட்டிய எண்ணும் தேதியும். "பாலாற்று மாசு" என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை. மதிப்பிட வந்த வெளி ஆசிரியர், படங்கள் சுவரில் இருந்திருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும் என்றும், ஊராரின் நினைவை ஆதாரமாக வைப்பது உறுதியான முறை அன்று என்றும் சொன்னார். இரண்டாவதை நான் ஏற்கிறேன்; அதனால்தான் அதை நினைவு என்றே எழுதியிருக்கிறேன். முதலாவதில் எனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்துப் பதினான்கு பேர் வந்தார்கள். நான்காவது மேசையையும் ஐந்தாவது மேசையையும் மாற்றி வைக்கச் சொன்னார்கள். களத்தில் அன்று முடியாத வாக்குவாதம் வேனில் தீர்ந்துவிட்டதாம். பார்வையாளர்கள் நின்றிருக்கும்போதே படங்களையும் அட்டைகளையும் இடம் மாற்றினோம்.

படங்கள் அடுத்த வாரம் கிணற்றுக்குரியவர்கள் வீடுகளுக்குப் போகின்றன. தாத்தா தன் படத்தை வீட்டுச் சுவரில் வேண்டாம், மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டு என்கிறார். அங்கே ஈரம் ஏறும், பல்லியும் எறும்பும் வரும். சன்போர்டு தாங்குமா, படக்கார அண்ணா?

குடியாத்தம் படக்காரர் | செப்டம்பர் 24

தாங்காது, ஒரு மழைக்காலத்தில் ஓரம் ஊறி உரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் அலுமினியத் தகடு வைத்த போர்டில் ஒட்டி, மேலே மேட் லேமினேஷன் போட்டு, நான்கு ஓரமும் சிலிக்கான் பூசி அடைக்க வேண்டும். கோப்பை அனுப்புங்கள், தங்கை. நானே போட்டு ஆம்பூர் வரும்போது கொண்டு வருகிறேன். தாத்தாவின் கிணற்றையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.